ஆளைத் தேடி அலைவது பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே பெரியவன் விடுதிக்குப் போய்விட்டான். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தாயே: "செயற்கை நுண்ணறிவையே பயனராகப் பேசவைத்துச் சோதித்துவிட்டால், ஆளைத் தேடி ஏன் அலையணும்?"

போன வாரம் ஒரு செயலியைச் சோதித்தோம். வந்திருந்த அம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். படிவத்தை நிரப்பிவிட்டார், அனுப்பும் பொத்தான் விசைப்பலகைக்கு அடியில் மறைந்திருந்தது. தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க, எனக்குத்தான் தெரியலை" என்றார். தப்பு எங்களுடையது! பிறகு போனை அணைத்துத் திறந்தார். விசைப்பலகை போய்ப் பொத்தான் தெரிந்தது. அடுத்த படிவத்திலும் சொல்லாமலே அதையே செய்தார். அந்த மன்னிப்பையும் இந்தக் குறுக்குவழியையும் எந்தச் செயற்கைப் பயனரிடம் கேட்டு வாங்குவாய்?

1980களின் தொடக்கத்தில் செராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர், நகலெடுக்கும் இயந்திரத்தோடு ஆட்கள் மல்லுக்கட்டுவதைப் படம்பிடித்தார். இருவர் இருவராக நிற்கவைத்தார். தனியாள் வாய் திறக்கமாட்டான், துணைக்கு ஒருவர் இருந்தால் பேச்சு தானாக வரும். அப்படித் திணறியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஏலன் நியூவெல்! ஒரு வேலைக்கு எத்தனை வினாடி ஆகும் என்று விசை விசையாக எண்ணிக் கணக்கிடும் முறையை 1980-ல் வகுத்த மூவரில் ஒருவர். அது தவறே செய்யாத கைதேர்ந்தவருக்கான கணக்கு. நீ சொல்லும் செயற்கைப் பயனரும் அந்தத் தவறே செய்யாதவருக்கு உறவுக்காரன்தான் என்று எனக்குப் படுகிறது. வாசகங்களைச் சரிபார்க்க வேண்டுமானால் வைத்துக்கொள், நானும் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. 1981-ல் ஸ்காண்டிநேவியாவில் தொடங்கிய உட்டோப்பியா திட்டத்தில் அச்சுத் தொழிலாளர்களே, தங்கள் தொழிற்சங்கத்தின் துணையோடு, ஆய்வாளர்களுடன் சேர்ந்து கணினிக் கருவிகளை வடிவமைத்தார்கள். வராத கருவிக்கு அட்டையிலும் மரத்திலும் மாதிரி செய்து, அதை வைத்து வேலை செய்து பார்த்தார்கள். எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னதும் "அதெல்லாம் எதற்கு, ஐந்து பேரைச் சோதித்தால் போதாதா" என்றார்கள். அந்த ஐந்து என்ற எண்ணைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். யார் அந்த ஐந்து பேர் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சண்டை போட்டு அந்த அம்மாளை மறுபடி அழைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வருகிறார். திரையைத் தாளில் வரைந்து, பொத்தானைத் தனியாக வெட்டி வைத்திருக்கிறேன். எங்கே வைக்கணுமோ அவரே வைக்கட்டும்.

அன்புடன்,
முரளி