நடுத்தொகையை எடு

அன்புள்ள மகளுக்கு,

‘தி சேஸ்’ நிகழ்ச்சிக்கு நீ தேர்வாகிவிட்டாய் என்று நேற்றிரவு சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. தொலைபேசியில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று கேட்டுக்கொண்டு வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். ஒளிப்பதிவுக்குப் போகும்முன் ஒருமுறையாவது இதை நிதானமாகப் படி.

பேத்தி பிறந்தபோது லெஸ்டரில் உன்னோடு இருந்த ஆறு மாதமும், வாரநாட்களில் மாலை ஐந்து மணியானால், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஐ.டி.வி.யில் அந்த நிகழ்ச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் அதை வழக்கமான வினாடி வினா என்றே நினைத்தேன். ஆனால், ஒருவரையொருவர் முன்பின் அறியாத நால்வர் ஓர் அணியாகி, ஒருவர் சேர்த்த பணத்துக்கு மற்ற மூவரும் பொறுப்பாகிற அந்த ஏற்பாடு போகப்போக என்னைப் பிடித்துக்கொண்டது. 2009 முதல் அதை நடத்திவரும் பிராட்லி வால்ஷ் கேள்வி கேட்கும் வேகத்தில் பாதி எனக்குப் புரியாது. நீதான் அடுக்களையிலிருந்து எடுத்துச் சொல்வாய்.

முதல் சுற்றில் ஒரு நிமிடம், சரியான விடை ஒன்றுக்கு ஆயிரம் பவுண்டு. அதில் உனக்குக் குறை இருக்காது. அதன்பிறகு துரத்துபவர், அதாவது அதே கேள்விகளுக்குத் தானும் விடை சொல்லி, சரியான விடைக்கு ஒரு படியாக உன்னைப் பிடிக்க வரும் அந்த வல்லுநர், உன் முன்னால் மூன்று தொகைகளை வைப்பாரே, அந்த இடத்தைப் பற்றித்தான் நான் கணக்கு ஆசிரியராகப் பேச வேண்டியிருக்கிறது. நீ சம்பாதித்த தொகையையே எடுத்தால் அவரைவிட மூன்று படி முன்னால் நிற்பாய், வீடு சேர ஐந்து சரியான விடை வேண்டும். பெரிய தொகையை எடுத்தால் இரண்டே படி இடைவெளி, ஆறு விடை. சிறிய தொகைக்கு நான்கு படி, நான்கு விடை. துரத்துபவர் ஒரு கேள்வியிலும் தவறமாட்டார் என்றே வைத்துக்கொள். அப்படியானால் மூன்றிலும் உனக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஏழு கேள்விகள்தான்; அந்த ஏழில் நான்கா, ஐந்தா, ஆறா என்பதுதான் வேறுபாடு. பத்துக்கு ஏழு கேள்விக்குச் சரியாக விடை சொல்லக்கூடிய ஒருவர் தப்பிக்கும் வாய்ப்பு, சிறிய தொகையில் நூற்றுக்கு 87, நடுத்தொகையில் 65, பெரிய தொகையில் வெறும் 33. காகிதத்தில் மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். அவர்களும் அவ்வப்போது தவறுவதால் உண்மை வாய்ப்பு இதைவிடச் சற்றே கூடும், ஆனால் ஏற்ற இறக்கம் இதே போக்கில்தான் இருக்கும். பெரிய தொகையைக் காட்டும்போது அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்த 33ஐ நினைத்துக்கொள்.

87 என்றதும் சிறிய தொகைதானே நல்லது என்று உனக்குத் தோன்றும். அது பல நேரம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும், மகளே. உனக்கு முன்னால் மூவர் 15,000 பவுண்டு சேர்த்துவைத்திருக்கிறார்கள் என்று கொள், ஆளுக்கு 5,000. நீ ஆயிரத்தைக் குறைத்துக்கொண்டு வந்து அமர்ந்தால் 14,000ஐ நால்வர் பிரிக்க வேண்டும், ஆளுக்கு 3,500. அவர்கள் ஒவ்வொருவரும் 1,500 பவுண்டைத் தந்து உன்னை வாங்கியதாக ஆகிறது. பதிலுக்கு இறுதிச் சுற்றில் அணிக்குக் கிடைப்பது முன்கூட்டி ஒரு படியும் இன்னொரு மூளையும். பத்துக்கு மூன்றாக இருந்த வெற்றி வாய்ப்பு நான்கைத் தாண்டி உயர்ந்தால்தான் அவர்களுக்கு அது கட்டுப்படியாகும். முதல் சுற்றில் ஒரே ஒரு விடை சொன்னவர் குறைத்துக்கொண்டு வந்தால் நான் குற்றம் சொல்லமாட்டேன். அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது. ஐந்தாறு விடை சொல்லக்கூடிய நீ அப்படிச் செய்யலாகாது. நடுத்தொகையை எடு.

எதிரில் யார் வந்தாலும் சரி. வழக்கறிஞர் ஷான் வாலஸோ, அலோபதி மருத்துவராக இருந்த பால் சின்ஹாவோ உட்கார்ந்திருந்தால் கண்டு மலைக்காதே. அந்த நாற்காலிகளில் ஒன்றில் இன்று இருக்கும் டாரா என்னிஸ், 2017இல் உன்னைப் போலவே போட்டியாளராக வந்து, இறுதிச் சுற்றில் தன் அணியோடு தோற்றுத் திரும்பியவர். 2020இல் துரத்துபவராகவே சேர்ந்துகொண்டார்.

நான் உண்மையில் கவலைப்படுவது இறுதிச் சுற்றைப் பற்றி. அணிக்கு இரண்டு நிமிடம், அணி ஏறிய படிகளை எட்டிப் பிடிக்கத் துரத்துபவருக்கு இரண்டு நிமிடம். அவர் தவறினால் கடிகாரம் நிற்கும். அதே கேள்விக்கு அணி விடை சொல்லிவிட்டால் அவர் ஒரு படி பின்னால் தள்ளப்படுவார். ஒரு மாலை நாம் பார்த்தது உனக்கு நினைவிருக்கிறதா? இன்னும் இரண்டு படிதான், சில விநாடிகள்தான். துரத்துபவர் தவறினார். நடுவில் நின்ற கண்ணாடிக்காரரின் உதடு அசைந்தது, பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார், உதட்டை மூடிக்கொண்டார். நீ வீட்டிலிருந்து விடையைக் கத்தியதில் குழந்தை விழித்து அழுதது. அவர் மனத்திலும் அதே விடைதான் இருந்திருக்கிறது என்பது பிறகு அவர் தலையில் அடித்துக்கொண்டதில் தெரிந்தது. அத்தனை பணமும் போயிற்று.

அன்றைக்கு நான் அந்த மனிதரைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் மாவட்ட அளவிலான வினாடி வினாவுக்குப் போயிருந்தாய். பாம்பன் பாலம் திறக்கப்பட்ட ஆண்டைக் கேட்டார்கள். உன்னோடு அமர்ந்திருந்த மேல்வகுப்பு மாணவி வேறு ஏதோ ஆண்டைச் சொன்னாள். நீ மேசை விரிப்பில் நகத்தால் 1914 என்று கீறிக்கொண்டிருந்தாய். முன்வரிசையிலிருந்த எனக்கு அது தெரிந்தது. மயிலாடுதுறை திரும்பும் பேருந்தில், தெரிந்தும் வாயைத் திறக்காதவள் தெரியாதவளைவிட மோசம் என்று உன்னைக் கடிந்துகொண்டேன். நீ ஊர் வரும்வரை சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று ஐந்து வயதிலிருந்து உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. தவறு என்னுடையது, அம்மா. அதை உன்னிடம் சொல்ல இத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டேன்.

ஆகவே மாப்பிள்ளையிடம் சொல்லி, தினமும் இரவு இரண்டு நிமிடம் கடிகாரம் வைத்துக் கேள்வி கேட்கச் சொல். தெரியாததை ஒரு விநாடியில் ‘பாஸ்’ சொல்லிக் கடந்துவிடு. அணியின் அந்த இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்தால் பஸ்ஸரை முதலில் அழுத்து, பிறகு சொல். அழுத்தாமல் சொன்ன விடை அங்கே செல்லாது. கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிப் பழகு. இங்கிலாந்து அரசர்களின் வரிசையை நான் ஒரு நோட்டில் எழுதி, ஆண்டுகளோடு அனுப்புகிறேன். அவர்களுடைய தொலைக்காட்சித் தொடர்களும் கால்பந்தும் உன் பாடு. ஒளிப்பதிவு தேதி தெரிந்தவுடன் சொல். அன்று உன் அம்மாவும் நானும் தூங்காமல் காத்திருப்போம்.

உன் அப்பா