வாசல் விளக்கை அணைக்க வேண்டாம்: மினசோட்டா தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வருடம் அக்டோபர் கடைசியில் நம் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு செய்தி வந்தது. "31ஆம் தேதி சாயங்காலம் வாசல் லைட்டை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுங்கள். பேய் வேஷம் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்க வேண்டாம். இது நம் பண்டிகை இல்லை." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அக்டோபர் 31 இங்கே ஹாலோவீன், பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்து மிட்டாய் கேட்கும் நாள். அனுப்பியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகள் நம் பழக்கவழக்கங்களை விட்டுவிடுவார்களோ என்ற கவலை என் வீட்டிலும் உண்டு. ஆனாலும் அன்று பதில் எழுதாமல் இருந்துவிட்டேனே என்று இன்னும் மனசு உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

என் வீட்டிலிருந்து அனோக்காவுக்குக் காரில் பத்து நிமிடம். ரம் ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்தில் இருக்கிற சின்ன ஊர். 'உலகின் ஹாலோவீன் தலைநகரம்' என்று அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொள்வது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நூறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்து ஊர்களில் ஹாலோவீன் ராத்திரி என்றால் பெரியவர்களுக்குத் தலைவலி. பையன்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் கடைத்தெருவில் மாடுகள் திரியும், கடைக் கண்ணாடியெல்லாம் சோப்பு பூசியிருக்கும், கொல்லைப்புறக் கழிப்பறைகள் குப்புறக் கவிழ்ந்து கிடக்கும். அனோக்கா பெரியவர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் 1920இல் ஊரே சேர்ந்து அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு விழா எடுத்தது. வேஷம் போட்ட பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம், பை பையாகப் பாப்கார்ன், வேர்க்கடலை, மிட்டாய், கடைசியில் ஒரு பெரிய சொக்கப்பனை. ஆமாம், சொக்கப்பனை என்றே சொல்கிறேன். நடுத்தெருவில் கொழுந்துவிட்டு எரியும் தீயைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பதை நினைத்தால் கார்த்திகை தீபத்தன்று எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நின்றதுதான் என் கண்முன் வருகிறது.

1937இல் ஹெரால்ட் பிளேர் என்ற 12 வயதுப் பையன், பேப்பர் போடும் பையன்களுக்குப் பரிசாகக் கிடைத்த பயணத்தில் வாஷிங்டனுக்குப் போனான். அனோக்காவை ஹாலோவீன் தலைநகரமாக அறிவிக்கும் பிரகடனத்தை அவன்தான் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தான். தொந்தரவு என்று ஊர் நினைத்த அதே வயதுப் பிள்ளை கையில் ஊர் தன் பெயரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. அப்புறம் போர்க்காலத்தில் 1942, 1943 இரண்டு வருடம் விழா நின்றது, பிறகு மீண்டும் தொடர்ந்தது.

சரி, ஹாலோவீனுக்கு வாசலில் வைக்கும் பரங்கிக்காய்ப் பேய் முகத்துக்கு வருவோம். "மங்கலமான வீட்டு வாசலில் பேய் மூஞ்சியா?" என்று என் மாமியாரே கேட்டார். அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த ராத்திரியில் ஆவிகள் உலவும் என்று நம்பினார்கள். அவற்றை விரட்ட டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு வைத்தார்கள். அமெரிக்கா வந்தபின் கையில் கிடைத்தது பரங்கிக்காய். குடைவதற்கும் அதுதான் சுலபம். இதைச் சொன்னதும் மாமியார் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அட, நம்ம திருஷ்டிப் பூசணிக்காய்!" என்றார். புது வீடு கட்டும்போது அரக்கன் முகம் வரைந்து, முட்டைக் கண்ணும் கோரைப் பல்லும் வைத்து முகப்பில் தொங்கவிடுகிறோமே, அதுவும் இதே வேலைக்குத்தான். பரங்கிக்காயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய்தான். பரங்கியர் என்று நாம் அழைத்த ஐரோப்பியர் வழியாக வந்ததால்தான் அந்தப் பெயர். இன்று மார்கழிக் கோலத்தில் அதன் பூ இல்லாமல் நமக்கு ஆகாது.

ஹாலோவீன் என்ற சொல்லுக்குப் புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்தைய இரவு என்று பொருள். அந்தத் திருநாள் நவம்பர் 1. அதற்கு மறுநாள், நவம்பர் 2, நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைக்குப் போகும் கல்லறைத் திருநாள். 'நம் பண்டிகை இல்லை' என்பதில் அவர்களையும் சேர்த்து விட்டுவிடுகிறோம்.

2024இல் தீபாவளியும் அக்டோபர் 31இல் வந்தது. அன்று மாலை என் மனைவி வாசல் படியில் அரிசி மாவுக் கோலம் போட்டு ஏழெட்டு அகல் வைத்தாள். குளிர்காற்றில் இரண்டு அணைந்து அணைந்து போயின. ஆறரை மணிக்கு, தீயணைப்பு வீரர் வேஷத்தில் ஐந்து வயதிருக்கும் ஒரு பையன் வந்தான். கோலத்தைப் பார்த்ததும் டக்கென்று நின்றான். மிதிக்கக் கூடாது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஒரு காலைத் தூக்கி ஓரமாக வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல நகர்ந்து வந்து பையை நீட்டினான். அவன் அம்மா விளக்கு எதற்கு என்று கேட்டார். சொன்னோம். அந்தத் தெருவில் ஒன்பது வருடம் இருக்கிறோம், அவர் பெயர் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மிட்டாயில் விஷம் வைப்பார்கள் என்ற பயத்தையும் பலர் சொல்கிறீர்கள். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுகளாக இந்தச் செய்திகளைத் துருவிப் பார்த்துவருகிறார். முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பயப்பட வேண்டியது காருக்குத்தான். இருட்டில் தெரியாத கறுப்பு உடை வேண்டாம், கையில் ஒரு டார்ச் கொடுத்து அனுப்புங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். இந்த வருடம் 31ஆம் தேதி மாலை வாசல் லைட்டைப் போட்டு வையுங்கள். லைட் எரியும் வீட்டுக்குத்தான் பிள்ளைகள் வருவார்கள், அது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கடையில் விற்கும், உறை பிரிக்காத மிட்டாயாகக் கொடுங்கள். கடலை மிட்டாய் மட்டும் வேண்டாம், இங்கே நிறையப் பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறது. முடிந்தால் அனோக்கா ஊர்வலத்துக்கும் ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். உட்கார மடக்கு நாற்காலியும் போர்த்திக்கொள்ளக் கம்பளியும் அவசியம்.

புதிதாக இந்த மாநிலத்துக்கு வந்தவர்களுக்கு இன்னொன்று. 1991இல் ஹாலோவீன் அன்று தொடங்கிய பனிப்புயல் மினியாபொலிஸ் பகுதியில் 28 அங்குலத்துக்கு மேல் பனியைக் கொட்டியது. அந்தப் பனியிலும் பிள்ளைகள் வீடு வீடாகப் போன கதையை இங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். அதனால் வேஷ உடையை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். உள்ளே பனி ஜாக்கெட் போட இடம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்