புதுமண்டபத்துக் கடைகளைச் செல்போனில் திரும்பக் காட்டுங்கள்

மதுரை மாநகராட்சிக்கும் சுற்றுலாத் துறைக்கும் வணக்கம்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தைப் பார்த்து, பழைய கல் மண்டபம் என்று போய்விடுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியதுதான், சரி. ஆனால் நமக்கெல்லாம் அது கடைவீதி. தூணுக்குத் தூண் தையல் மெஷின், பித்தளைப் பாத்திரம், வளையல், பாட்டுப் புத்தகம். சித்திரை நெருங்கினால் அழகர் வேடம் போடுகிறவர்கள் சல்லடம் என்கிற குட்டைக் காற்சட்டைக்கு அளவு கொடுக்க அங்கேதான் வருவார்கள். சிற்பங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயின. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

அந்தக் கடைவீதியை, கேமராவில் தெரியும் இடத்தின் மேலேயே படத்தைச் சேர்த்துக் காட்டுகிற மிகைமெய் (ஏஆர்) நுட்பத்தில் திரும்பக் காட்டலாம். செல்போனைத் தூண் பக்கம் நீட்டினால் அங்கே இருந்த கடை திரையில் தெரிய வேண்டும். வாசலில் ஒரு க்யூஆர் கோடு வைத்தால் தனியாக ஆப் கூட வேண்டாம், பிரவுசரிலேயே ஓடும். ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பினால் சில மீட்டர் தள்ளி அடுத்தவர் கடையைக் காட்டும், அதனால் தூண் சிற்பத்தையே கேமரா அடையாளம் காணும்படி செய்யுங்கள். கோயிலுக்குள் 2018 முதல் செல்போனுக்குத் தடை, ஆகவே எல்லாம் வெளியேதான். அடுத்து வடக்கு ஆவணி மூல வீதியிலும் இதைச் செய்யலாம். அங்கே இருந்த சென்ட்ரல் மார்க்கெட் காய்கறிக் கடைகள் மாட்டுத்தாவணிக்குப் போய், அந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன.

தயவுசெய்து சங்ககால நாளங்காடி, அல்லங்காடி என்கிற பகல், இரவுச் சந்தைகளில் ஆரம்பிக்காதீர்கள். மதுரைக்காஞ்சியில் அவற்றின் இரைச்சலும் கொடிகளும் இருக்கின்றன, மீதியை வரைகிறவர் கற்பனையில்தான் நிரப்புவார், கடைசியில் சினிமா செட் மாதிரி ஆகிவிடும். புதுமண்டபத்தில் உட்கார்ந்து தைத்தவர்களோ நம்மோடு இருக்கிறார்கள். எந்தத் தூணடியில் யார் கடை, பேரம் எப்படி நடக்கும், அழகர் உடுப்புக்கு என்ன துணி, இதையெல்லாம் அவர்கள் குரலிலேயே முதலில் பதிவு செய்யுங்கள். பழைய மெஷினை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தால் அதிலிருந்தே முப்பரிமாண உருவம் செய்துவிடலாம். மென்பொருளை அடுத்த வருஷம் கூட வாங்கிக்கொள்ளலாம், வயதான தையல்காரரின் பேச்சை அப்படித் தள்ளிப்போட முடியாது.

அப்புறம், திரையில் கடை தெரிந்ததும் அதே கடை இப்போது சத்திரத்தில் எந்த மாடியில், எந்த எண்ணில் இருக்கிறது என்று வழிகாட்ட வேண்டும். பார்த்தவர் நேரே போய் வாங்கட்டும். குரலும் முகமும் கொடுக்கிற வியாபாரிகளுக்குச் சம்பளம் உண்டு என்று டெண்டரிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வடக்கு மாசி வீதியிலிருந்து ஒருவன்