கடைசில 'ஆக' வந்தா வினையடையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க மாணவர் பக்கத்துல போன வாரம் வந்த வினையடை (வினை எப்படி நடந்துச்சுன்னு சொல்ற சொல்) பாடத்த பத்தி கொஞ்சம் சொல்லணும். 'ஆக', 'ஆய்'னு முடியுற சொல்லெல்லாம் வினையடை, அடிக்கோடு போடுன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. மார்க் வாங்க சுலபமான வழிதான், ஆனா இதையே புடிச்சிட்டு என்கிட்ட ட்யூஷன் வர்ற பிள்ளைங்க "உனக்காக வாங்கினேன்"ல இருக்குற உனக்காகவுக்கும் கோடு போட்டு வெச்சிருக்குதுங்க. அது நாலாம் வேற்றுமை, யாருக்குன்னு சொல்லுது, எப்படி வாங்கினேன்னா சொல்லுது?

பேச்சுல இன்னும் சிக்கல், 'ஆக' தேஞ்சு வெறும் 'ஆ' ஆயிடுது. "பையன் டிரைவரா இருக்கான்", "பையன் டிரைவரா?" ரெண்டுலயும் அதே டிரைவராதான், முதல்ல வர்றது ஆக, அடுத்தது கேள்வி கேக்குற ஆ. வால மட்டும் பாத்தா ரெண்டையும் எப்படிங்க பிரிக்கிறது?

சமையக்கட்டுக்கு வாங்க. "வெங்காயத்த வேகமா நறுக்கு", "வெங்காயத்த பொடியா நறுக்கு". பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, ஆனா வேகம் நறுக்குற கையில, பொடி வெங்காயத்துல. ஒருத்தர் ரொம்ப மெதுவா உக்காந்து பொடியா நறுக்கலாம்ல. அதே மாதிரி டீக்கடையில "சூடா ஒரு டீ போடுங்க"ன்னா மாஸ்டர் சூடாகணும்னு யாரும் கேக்கல, சூடு டீக்குத்தான். "சூடான டீ"ன்னு சொல்லிருந்தா பெயர விவரிக்கிற பெயரடைன்னு கண்ண மூடிட்டு எழுதிடலாம், "சூடா"ன்னு வந்ததும் உருவம் வினைப்பக்கம் நிக்குது, அர்த்தம் பெயர்ப்பக்கம் சாயுது. கிளாஸ்ல இத பத்தி அஞ்சு நிமிஷம் பேசவிட்டா பிள்ளைங்க சண்டையே போடுவாங்க, இலக்கணம்னா அந்த சண்டைதாங்க.

இன்னொண்ணு, நேத்து, நாளைக்கு, இங்க இதெல்லாம் இங்கிலீஷ் கிளாஸ்ல ஆட்வெர்ப்னு படிச்சிட்டு வந்து தமிழ் பேப்பர்லயும் வினையடைன்னு எழுதுறாங்க. ஆனா "நேத்துலேருந்து ஜுரம்", "இங்கேருந்து பஸ் இருக்கு"ன்னு அதுங்க மேல வேற்றுமை உருபு வந்து ஒட்டிக்குது பாருங்க, உருபு ஏத்துக்கிட்டா பெயர்ச்சொல். வினையோட சேந்து நிக்கும்போது வினையடை வேலைய பாக்குது, அவ்ளோதான். ஆள் வேற, அந்த ஆள் பாக்குற வேலை வேறன்னு முதல்லயே சொல்லிட்டா பாதி குழப்பம் தீந்துடும்.

இதுல பிள்ளைங்கள குத்தம் சொல்லி என்ன பண்றது, இங்கிலீஷ்ல சொல்லுக்கு எட்டு வகை, தமிழ்ல பெயர், வினை, இடை, உரின்னு நாலு. தொல்காப்பியம் இன்னும் சுருக்கமா, சொல்லுன்னா பெயரும் வினையும்தான், மத்த ரெண்டும் அதுங்கள ஒட்டி வர்றதுன்னு சொல்லிட்டு போயிடுது. வினையடைக்குன்னு அங்க தனி வகையே கிடையாது. "மெல்ல வந்தான்"ல வர்ற மெல்லவ பழைய கணக்குல குறிப்பு வினையெச்சம் (காலத்த வெளிப்படையா காட்டாம, ஒரு வினைய எதிர்பாத்து நிக்கிற சொல்)னு படிப்போம், புது கணக்குல அதே வினையடை, ரெண்டுமே சரிதான், எந்த கணக்குல கேக்குறோம்னு கேள்வியிலயே சொல்லணும். சால, உறு, தவ, நனி, கூர், கழின்னு மிகுதிக்கு ஆறு உரிச்சொல் நன்னூல்ல இருக்கு, நாம பேசும்போது ஆறுக்கும் சேத்து ஒரே "ரொம்ப"வ வெச்சு ஓட்டிட்டு இருக்கோம். அந்த ரொம்பவும் ஒரு இடத்துல நிக்காது, "ரொம்ப பேசுறான்"ல வினைகிட்ட, "ரொம்ப பேரு"ல பெயர்கிட்ட, "ரொம்ப மெதுவா"ல இன்னொரு அடைகிட்ட. (இங்கிலீஷ்லயும் 'லி'ல முடிஞ்சா ஆட்வெர்ப்னு சொல்லிக் குடுத்துட்டு பிரெண்ட்லின்னு வந்ததும் முழிக்கிறது நடக்குதே.)

அதனால இனிமே பயிற்சில தனித்தனி சொல்லா குடுக்காம முழு வாக்கியமா குடுங்க, விடையிலயும் இந்த சொல் எதோட சேருதுன்னு ஒரு வரி போடுங்க. "எப்படி"ன்னு ஒரு கேள்விய மட்டும் கேட்டுப் பழக்காம "எது அப்படி"ன்னும் கேக்கச் சொல்லுங்க. முடிஞ்சா அந்த சூடா டீயையும் ஒரு கேள்வியா வெச்சு, காரணம் சொல்லி எழுதினா எந்தப் பக்கம் எழுதினாலும் மார்க் உண்டுன்னு போடுங்க சார்.

இப்படிக்கு,
வீட்ல ட்யூஷன் எடுக்குற ஒரு வாசகி,
கும்பகோணம்