வாசகர் வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, இந்த ஆண்டு முழுக்க ஒரே பத்திரிகையின் வரலாற்றைத்தான் பேசினோம்: அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வெளிவந்த ‘கிரஹாம்ஸ் மேகசின்’. ஒரு பத்திரிகைக்கு ஓர் ஆண்டா என்று சிலர் தயங்கினார்கள். இரண்டாம் கூட்டத்துக்கு அப்புறம் யாரும் அதைக் கேட்கவில்லை.

ஜார்ஜ் ரெக்ஸ் கிரஹாம் 1840இல் பர்ட்டன் என்பவரின் மாத இதழை 3,500 டாலருக்கு வாங்கினார். சந்தாதாரர் ஒருவருக்கு ஒரு டாலர் என்று கணக்கு. தன்னிடமிருந்த ‘கேஸ்கெட்’ இதழோடு அதைச் சேர்த்தார்; அப்படி உருவானதுதான் ‘கிரஹாம்ஸ்’. மொத்தச் சந்தாதாரர் 5,000 பேர். இரண்டே ஆண்டில் விற்பனை 40,000 என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ அங்கே 800 டாலர் ஆண்டுச் சம்பளத்தில் ஆசிரியர். துப்பறியும் கதைகளுக்கு முன்னோடியான அவருடைய ‘ரூ மோர்க் கொலைகள்’ 1841 ஏப்ரல் இதழில் வந்தது. அதை வாய்விட்டு வாசித்த மாலையில் மணி போனதே தெரியவில்லை. மறு ஆண்டே போ விலகிவிட்டார். புதுப் பாணி உடைகளைக் காட்டும் வண்ணப் படங்களும் காதல் கதைகளும் அவருக்கு அருவருப்பாக இருந்தன. அவர் எரிச்சல் நியாயமானதே. ஆனாலும் அந்தப் படங்களுக்காகச் சேர்ந்த சந்தாவில்தான் எழுத்தாளர்களுக்குப் பணம் போனது என்பது என் கருத்து. லாங்ஃபெல்லோவின் ஒரு கவிதைக்கு 50 டாலர், கூப்பரின் ஒரு தொடர்கதைக்கு 1,800 டாலர்! பிரிட்டிஷ் எழுத்தைச் சும்மா எடுத்துப்போட்டு இதழ் நடத்தலாம் என்றிருந்த காலம் அது.

சரிவுக்கு இரண்டு காரணங்களைப் பேசினோம். செப்புச் சுரங்கப் பங்குகளில் பணத்தைப் போட்டு, 1848இல் கிரஹாம் பத்திரிகையையே இழந்தார். 1850இல் மீட்டார்; அதே ஆண்டில் நியூயார்க்கில் ‘ஹார்ப்பர்ஸ்’ என்ற மாத இதழ் தொடங்கியது. பிற நாட்டு எழுத்துக்கு அமெரிக்காவில் அப்போது பதிப்புரிமைச் சட்டம் இல்லாததால் அது பிரிட்டிஷ் தொடர்கதைகளை மறுபதிப்பிட்டே பக்கம் பக்கமாக நிறைத்தது. கிரஹாம் 1853இல் விற்றார். 1858இல் இதழ் நின்றது.

இறந்துபோன போவை, அவருக்குப் பின் அதே இதழில் ஆசிரியராக இருந்த கிரிஸ்வோல்ட் இழித்து எழுதியபோது, 1850இல் தன் இதழிலேயே போவுக்காகப் பரிந்து எழுதினார் கிரஹாம். அவர்மேல் எனக்குப் பெரும் மதிப்பு வந்தது அங்கேதான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நம் ஆண்டு மலருக்கு எழுதுவோருக்கு, சிறு தொகையானாலும், இனிமேல் சன்மானம் தர வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்