மீட்ட குதிரைக்கு வீடு தேடும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நோயும் புண்ணுமாக வண்டி இழுத்துக்கொண்டிருந்த குதிரைகளைத் தன்னார்வலர்கள் மீட்டது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால், குதிரைகளை லாரியில் ஏற்றியதோடு அந்தச் செய்தி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவற்றை எப்படித் தேற்ற வேண்டும், யாரை நம்பி ஒப்படைக்க வேண்டும் என்பது பற்றி, அப்படியொரு குதிரையை நான்கு ஆண்டுகளாக வளர்த்துவரும் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் தோட்டத்துக்கு வந்தது ஒரு நாட்டுப் பெண்குதிரை. கோயில் நகரம் ஒன்றில் சவாரி வண்டி இழுத்தது. பல்லைப் பார்த்த கால்நடை மருத்துவர், வயது 14 இருக்கலாம் என்றார். சேணம் அழுத்திய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லாத தழும்பு; முள் கடிவாளம் கிழித்துக் கிழித்து ஆறியதில் இரண்டு கடைவாயும் தடித்துப் போயிருந்தன; விலா எலும்புகளை எட்ட நின்றே எண்ணிவிடலாம். அந்தக் கோலத்தைக் கண்டு மனம் பொறுக்காமல், வந்த அன்றே கொள்ளை வேகவைத்து ஒரு வாளி நிறைய வைத்தேன். நான் செய்த பெரிய தவறு அது. இரவு அது திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. முன்காலால் தரையைப் பிறாண்டியது. பிறகு கீழே விழுந்து புரளத் தொடங்கியது. மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி, ஊசி போட்டு, ஒரு வழியாகக் காப்பாற்றினார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதும், நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று தானியம் கொடுத்தால் இரத்தத்திலுள்ள தாது உப்புகளின் அளவு குலைந்து இதயமே நின்றுபோகக்கூடும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் முதல், குதிரை மசால் என்னும் தீவனப் பயிரை உலர்த்தி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ வீதம், இரவிலும் எழுந்து எழுந்து கொடுத்தோம். நான்காம் நாளிலிருந்து சிறிது சிறிதாக அளவைக் கூட்டி, பத்து நாட்களுக்குப் பின்புதான் வேண்டிய மட்டும் தின்ன விட்டோம். கொள்ளைக் கண்ணில் காட்டியது இரண்டாம் மாதத்தில். இதற்கிடையே ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லின் கூர்முனைகளை அரம் வைத்துத் தேய்த்தல் எல்லாம் நடந்தன. குளம்புக்குத்தான் நாங்கள் அலைந்தோம். ஆடி மாதக் குதிரைச் சந்தைக்குப் பேர்போன அந்தியூர்ப் பக்கம் சொல்லி வைத்து, லாடம் கட்டும் பெரியவர் ஒருவரை வரவழைத்தோம். தேய்ந்த லாடங்களைக் கழற்றிய அவர், கோணலாக வளர்ந்துவிட்ட குளம்பை ஒரேயடியாகச் சீவினால் கால் நரம்பு தாங்காது என்று சொல்லி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி நேராக்கினார். இப்படித் தொழில் தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள் என்பதை மீட்புப் பணியில் இருப்பவர்கள் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

உடம்பு ஐந்தாறு மாதத்தில் தேறிவிட்டது. பழக்கம் மாற அதைவிட நாளாயிற்று. எங்கள் களத்தில் பழைய ஒற்றை மாட்டு வண்டி ஒன்று கிடக்கிறது. வந்த புதிதில், விடியற்காலை கட்டை அவிழ்த்துவிட்டால், இந்தக் குதிரை மேய்ச்சலுக்குப் போகாது. நேராக அந்த வண்டியிடம் போய், பின்பக்கமாக அடியெடுத்து வைத்து, இரண்டு ஏர்க்கால்களுக்கும் நடுவில் தானே புகுந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். யாரும் பூட்ட வரமாட்டார்கள் என்று அதற்கு எப்படிப் புரியவைப்பது? வண்டியை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளி வைத்த பிறகும், அது நின்ற வெற்றிடத்துக்கே பல நாட்கள் போய் நின்றது. பக்கத்தில் ஆடுகளைக் கட்டி, குதிரைக்குத் துணை ஏற்படுத்திய பின்னரே மெல்ல மெல்லக் காட்டுப் பக்கம் நடந்து மேயத் தொடங்கியது. குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. தனியாகக் கட்டிவைத்தால் தீவனம் இருந்தும் வாடும்.

இப்போது தத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் குதிரை தந்த தன்னார்வக் குழுவினர், பின்னர் வேறு குதிரைகளுக்கு வீடு பார்க்கச் சென்றபோது என்னையும் உடன் அழைத்துச் சென்றார்கள். கேட்டு வந்தவர்களில் ஒருவர் ரேக்ளா பந்தயத்துக்கும் மற்றொருவர் திருமண ஊர்வலத்துக்கும் இலவசமாகக் குதிரை கிடைக்கும் என்று எண்ணி வந்தவர்கள். இன்னும் சிலர் உண்மையான பாசத்தோடுதான் வந்தார்கள். ஆனால், இருந்த இடம் மொட்டை மாடி வீட்டின் முன்வாசல். மறுத்தபோது வருந்தினார்கள். பாசத்தோடு நிழல், திறந்த வெளி, துணைக்கு இன்னொரு கால்நடை, கூப்பிட்டால் வரக்கூடிய மருத்துவர் ஆகியவையும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். எங்கள் வயலிலேயே பசுந்தீவனம் விளைந்தும், மற்றச் செலவுகளுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. குதிரை இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடியது என்பதால், இந்தக் கணக்கை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. விற்கவோ, இனப்பெருக்கத்துக்கோ பந்தயத்துக்கோ பயன்படுத்தவோ கூடாது என்றும், முடியாமல் போனால் குழுவிடமே திருப்பித் தர வேண்டும் என்றும், எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம் என்றும் எங்களிடம் எழுதி வாங்கினார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இரத்தப் பரிசோதனையை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. கிளாண்டர்ஸ் என்னும் நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. அரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான பரிசோதனை நடைபெறுகிறது. முடிவு வரும்வரை குதிரையைத் தனித்து வைத்திருந்தே ஒப்படைக்க வேண்டும்.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. பார வண்டி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள், ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, 37 டிகிரி செல்சியசுக்கு மேல் வெயில் அடிக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது, முள் கடிவாளம் கூடாது என்று தெளிவாகவே கூறுகின்றன. ஆனால் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அதைக் கட்டிவிட்டுக் குதிரையை ஓட்டிச் செல்ல யாருக்குத் தயக்கம் வரும்? நாட்டில் 2012இல் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. வண்டித் தொழில் சுருங்கச் சுருங்க, வயதான குதிரைகளைத் தெருவில் விட்டுவிடுவதும் நடக்கிறது.

வண்டிக்காரர்களை எதிரிகளாகக் கருதுவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் குதிரையை எழுதிக் கொடுத்த பழைய வண்டிக்காரர் ஒருமுறை அருகம்புல் கட்டோடு அதைப் பார்க்க வந்தார். "சவாரி இல்லாத நாள்ல நானும் அதுவும் ஒண்ணாத்தானுங்கம்மா பட்டினி கெடந்தோம்" என்றார். முள் கடிவாளம் போட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை என்று அவரிடமே சொன்னேன், தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். ஆனாலும், இப்படி மனமுவந்து ஒப்படைப்பவருக்கு மாற்றுத் தொழிலுக்கான சிறு கடனுதவியாவது அரசு செய்தால், நீதிமன்றம் வரை போகாமலே பல குதிரைகள் நல்ல கைகளுக்கு வந்து சேரும்.

விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கங்கள், இடவசதி உள்ள உழவர் குடும்பங்களின் பெயர்களை மாவட்டந்தோறும் முன்கூட்டியே பதிவுசெய்து, நேரில் பார்த்து வைத்திருக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தோட்டத்தில் இன்னொரு குதிரைக்கு இடமும் தீவனமும் இருக்கின்றன. தாங்கள் வெளியிட்ட செய்தியில் உள்ள குதிரைகளில் ஒன்று, பரிசோதனை முடிந்து வீடு இல்லாமல் இருக்குமானால், தன்னார்வலர்கள் முதலில் வந்து எங்கள் இடத்தைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தாராபுரம் வட்டம்.