வசந்திக்கு, காபி விஷயமாக

டென்வர்

அன்புள்ள வசந்தி,

நலம். இவருக்கு முட்டிவலி பரவாயில்லை, சின்னவள் வேலை மாறிவிட்டாள், இங்கே பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். மற்றதைப் போனில் பேசிக்கொள்ளலாம். இதை மட்டும் எழுதித்தான் சொல்ல வேண்டும், போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

லலிதா போன வாரம் பேசினாள். நீ காபியை விட்டுவிட்டாய் என்றாள். நம்பவே முடியவில்லை. மெஸ் காபியைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை சொம்பு தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொன்னவள் நீ. வார்டனிடமே போய், "இது காபி இல்லை மேடம், டபரா கழுவின தண்ணி" என்றவள். அந்த வசந்தி காபியை விட்டாளா? டாக்டர் கொழுப்பு ஏறியிருக்கிறது என்றாராம், அதனால்தானாம். அப்புறம் லலிதாவே மெதுவாகச் சொன்னாள், அண்ணன் போனதிலிருந்தே பித்தளை ஃபில்டர் பரண்மேல் ஏறிவிட்டது என்று.

அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அண்ணன் விடிவதற்குள் டிகாக்‌ஷன் இறக்கி வைத்துவிட்டு உன்னை எழுப்புகிற வீடு அது. அந்த ஃபில்டரை இறக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்ல வந்தது வேறு காபி. ஜூலையில் நீ வரும்போது மலையில் கூடாரம் போட்டு, பெர்கோலேட்டரில் நான் போட்டுத்தரப் போகிற காபி. மூக்கைச் சுளிக்காமல் முழுக்கப் படி.

பெர்கோலேட்டர் என்பது மூக்கு வைத்த ஒரு கூஜா. உள்ளே நடுவில் ஒரு குழாய் நிற்கும். அதன் அடிப்பக்கம் கவிழ்த்த புனல் மாதிரி விரிந்து பாத்திரத்தின் தரையில் உட்கார்ந்திருக்கும். குழாயின் மேல்பாதியில் பொடிக்கூடை, கூடைக்கு ஓட்டை போட்ட மூடி, பாத்திரத்தின் மூடியில் ஒரு கண்ணாடிக் குமிழ். அடுப்பில் வைத்தால் புனலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் முதலில் சுடும். அங்கே எழும் நீராவிக் குமிழ்கள் மேலே இருக்கிற தண்ணீரைக் குழாய் வழியாகத் தூக்கி அடிக்கும். அது கண்ணாடியில் மோதி, ஓட்டைகள் வழியாகப் பொடிமேல் விழுந்து, கீழே இறங்கி, மறுபடி ஏறும். பம்ப் கிடையாது, திருகு கிடையாது. பாரிஸில் லோரான்ஸ் என்ற தகரவேலைக்காரர் 1819ல் இந்த யோசனையைக் கொண்டு வந்தார். இல்லினாய் மாநிலத்து விவசாயி ஹான்சன் குட்ரிச் 1889ல் காப்புரிமை வாங்கிய வடிவம்தான் இன்றைக்கும் ஏறக்குறைய அப்படியே அடுப்பில் ஏறுகிறது.

உன் முதல் கேள்வி எனக்குத் தெரியும். இறங்கின டிகாக்‌ஷனையே திரும்பத் திரும்பப் பொடிமேல் ஊற்றினால் கசக்காதா? கசக்கும். கவனிக்காமல் விட்டால் நாக்கில் வைக்க முடியாது. அமெரிக்கச் சமையலறைகளில் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்த பாத்திரம், 1972ல் மிஸ்டர் காபி இயந்திரம் வந்ததும் பரணுக்குப் போனதற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். ஆனால் குற்றம் பாத்திரத்தின் மேல் இல்லை, தீயின் மேல். எதிர்வீட்டு அம்மாள் நெப்ராஸ்காவில் பண்ணையில் வளர்ந்தவர். அவர்தான் எனக்குக் கண்ணாடிக் குமிழைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். முதலில் வெறும் தண்ணீர் வந்து முட்டும். அப்புறம் வைக்கோல் நிறம், அப்புறம் தேன் நிறம். முதல் 'பளுக்' கேட்டதுமே தீயை இறக்கிவிட வேண்டும். இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு பளுக், அதற்கு மேல் கூடாது. விடாமல் படபடவென்று அடித்தால் காபி கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏழெட்டு நிமிடம் போதும். இறக்கினதும் கூடையைக் குழாயோடு வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைசிச் சொட்டுகள் விழுந்து அத்தனையையும் கெடுக்கும்.

பொடி விஷயத்தில் நம் ஊர் பழக்கம் எதுவும் இங்கே உதவாது. ஃபில்டர் பொடியைப் போட்டால் பாதி கூடையில் அடைத்துக்கொள்ளும், மீதி டம்ளரில் வண்டலாக நிற்கும். ரவையைவிடக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். சிக்கரி வேண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் வரை. தண்ணீர் கூடையின் அடியைத் தொடக்கூடாது. பாலும் ஊற்றாதே. இது திக்கான டிகாக்‌ஷன் இல்லை, பால் விட்டால் உன் மெஸ் காபிதான் வரும். கடுங்காப்பியாகவே குடிக்க வேண்டும், வேண்டுமானால் கொஞ்சம் சர்க்கரை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதே பாத்திரம், இதே பொடி, வீட்டில் போட்டால் நன்றாக இருக்கிறது. மலையில் போட்டால் அற்புதமாக இருக்கிறது. மலைக்காற்று, பசி, ஊர்சுற்றும் சந்தோஷம் என்று இவர் காரணம் சொன்னார். எனக்குச் சமாதானமாகவில்லை. ஒருநாள் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டே போய்விட்டேன்.

நாங்கள் எப்போதும் கூடாரம் போடுவது ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் கிளேசியர் பேசின் என்ற இடம். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,600 மீட்டர். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 91 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. காபி இறங்க ஏற்ற சூடு 90லிருந்து 96 வரை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். ஆக, கும்பகோணத்தில் நீ பெர்கோலேட்டரை மறந்துவிட்டு வாசலுக்குப் போனால் அது 100 டிகிரியை நெருங்கிப் பொடியைப் பொசுக்கும். மலையில் அதே பாத்திரத்தைக் காற்றழுத்தமே கட்டுப்படுத்துகிறது. டென்வர் 1,600 மீட்டர், இங்கே 95 டிகிரி, அதனால்தான் வீட்டுக் காபி நடுவில் நிற்கிறது. காரணம் பிடிபட்ட அன்றைக்கு எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா! கொடைக்கானலில் அரிசி வேகாமல் ராத்திரி பத்து மணிக்கு பாலாமணி அழுதாளே, அதே விஷயம்தான். அன்று சாதத்தைக் கெடுத்தது இங்கே காபியைக் காப்பாற்றுகிறது. பாலாமணிக்கு இதைப் படித்துக் காட்டு.

காலையில் எழுந்தால் ஜூலையிலும் குளிர் பல்லைக் கிட்ட வைக்கும். இரட்டை அடுப்பு கேஸ் ஸ்டவ்வை மேஜைமேல் வைத்து, காற்றுக்கு மறைப்பு கட்டி, பாத்திரத்தை ஏற்றிவிட்டு, பக்கத்திலேயே நிற்பேன். விறகிலும் வைக்கலாம், ஆனால் தீயைச் சட்டென்று குறைக்க முடியாது, பாத்திரத்தை ஓரமாகத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். எனாமல் பாத்திரத்தின் அடி கரியாகும், தேய்க்கிற வேலை உனக்கு. கரடி நடமாடுகிற இடம் என்பதால் வாசனை உள்ள எதையும் வெளியே விடக்கூடாது. காபிச் சக்கையைச் செடிக்குப் போடுகிற உன் பழக்கம் அங்கே செல்லாது. சக்கையைக் கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டியில் போட வேண்டும். பொடி டப்பாவும் பாத்திரமும் இரும்புப் பெட்டியில் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

கொழுப்புக்கும் பதில் வைத்திருக்கிறேன். காபியில் கஃபெஸ்டால் என்று ஓர் எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. காகிதத்தில் வடிகட்டாமல் கொதிக்க வைத்த காபியில் அது அதிகம் தங்கும், கெட்ட கொழுப்பை ஏற்றும். காகிதம் அதைப் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்ளும். பெர்கோலேட்டர் கூடைக்கென்றே நடுவில் ஓட்டை போட்ட வட்டக் காகிதம் விற்கிறது, உனக்காக வாங்கிவிட்டேன். டாக்டர் நிறுத்தச் சொன்னது பாலையா, சர்க்கரையையா, காபியையா என்று மட்டும் நேராகக் கேட்டுவிட்டு எனக்குச் சொல். அவர் காபியே கூடாது என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். நீயே முடிவு செய்துகொண்டதென்றால் மூடமாட்டேன்.

வசந்தி, உன்னைத் தேற்றுவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. அண்ணன் போட்ட காபிக்குப் பதில் எதுவும் கிடையாது, நான் அதைத் தேடவும் இல்லை. நீ காலையில் ஒன்றும் குடிக்காமல் ஒன்பது மணிவரை கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்று லலிதா சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இங்கே ஒரு வாரம் அப்படி உட்கார விடமாட்டேன். இந்தக் காபியில் உன் வீட்டு வாசனை இருக்காது. அது உனக்கு நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூலை இடங்களுக்கு முன்பதிவு ஆறு மாதம் முன்னாலேயே திறந்துவிடும், நல்ல இடங்கள் சீக்கிரம் போய்விடும். ஆகவே தேதியை இந்த வாரமே சொல். வந்ததும் இரண்டு நாள் டென்வரிலேயே இரு, நிறையத் தண்ணீர் குடி, உயரம் பழகினபிறகு மேலே போகலாம். வரும்போது பொடி கொண்டுவராதே. பெரிய தெருக் கடையில் பீபெரி அரை கிலோ, நடுத்தரமாக வறுத்தது, அரைக்காமல் கொட்டையாகவே வாங்கி வா. ஸ்வெட்டர் வேண்டாம், என்னிடம் இருக்கிறது. லலிதாவைத் திட்டாதே.

அன்புடன்,
மங்கை